புரியாததுக்கு 'வீ' சொல்லாதே!



நான் பத்தாம் வகுப்பு வரை படித்த சாதாரண இல்லத்தரசி. வயது முப்பத்து நாலு. ஊர் சிதம்பரம் பக்கம். இந்தப் பகுதியை வாராவாரம் படிப்பேனே தவிர, ஒரு வரி கூட எழுதிப் போட்டது கிடையாது. போன மார்கழியில் பாண்டிச்சேரியில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்த பிறகு, எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

என் கணவர் பாரிஸில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். போய் மூன்று வருஷமாகிறது. இப்போதுதான் என்னையும் எங்கள் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வயிற்றில் புளியைக் கரைத்தது. இங்கிலீஷே எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். இதில் பிரெஞ்சு வேறா!

போனில் அவரிடம் சொன்னால், "நீ எதுக்கு இப்படிப் பயப்படறே? லா ஷாப்பெல் பக்கம் வந்து பாரு. கறிவேப்பிலையிலேர்ந்து கல்யாணப் புடவை வரைக்கும் தமிழ்க் கடைதான். பிள்ளையார் கோயில் கூட இருக்கு. ஆகஸ்ட் கடைசியில தேரே இழுக்கறாங்க. தமிழ்லயே குப்பை கொட்டலாம். மீதிக்கு நான் இருக்கேன்ல?" என்று சிரிப்பார்.

அவர் இருப்பார்தான். ஆனால் காலையில் பத்து மணிக்கு வேலைக்குப் போனால், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார். நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் யார் பேசுவது? அங்கே மூன்று வயதிலிருந்து பதினாறு வயது வரை படிப்பு கட்டாயம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டால் யார் போவது? லா ஷாப்பெல் கடைக்காரரையா கூட்டிக்கொண்டு போக முடியும்?

"முப்பது நாளில் கற்றுக்கொள்ளலாம்" என்கிற மாதிரிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். செல்போனிலும் பாடம் கேட்டேன். மூன்று மாசத்தில் "வணக்கம், நன்றி, ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது" வரைக்கும் வந்தேன். வாயைத் திறந்து ஒரு மனுஷரிடம் பேசியது கிடையாது.

அப்போதுதான் பாண்டிச்சேரியில் இருக்கும் சித்தி, "அரையாண்டுப் பரீட்சை லீவுக்குப் புள்ளையைக் கூட்டிக்கிட்டு இங்க வா. இது பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்தானே, பேசிப் பழகலாம்" என்று கூப்பிட்டாள். பரீட்சை முடிந்த மறுநாளே பஸ் ஏறிவிட்டோம். கடலூர் வழியாக இரண்டு மணி நேரப் பயணம். வெளிநாட்டுக்கே போகிற மாதிரி என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கொண்டாள்.

சித்தி வீடு குருசுக்குப்பத்தில். கிறிஸ்துமஸ் சமயம் என்பதால் தெருவெல்லாம் காகித நட்சத்திரம், வீட்டுக்கு வீடு குடில். அந்தப் பக்கம் மார்கழிக் கோலம், பூசணிப்பூ. பார்க்கவே அழகாக இருந்தது.

மறுநாள் காலை நானும் மகளும் கிளம்பினோம். கடற்கரைக்குப் பக்கத்து வீதிகளில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் தமிழும் பிரெஞ்சுமாகப் பெயர் எழுதியிருந்தது. எனக்கு அதுவே பாடப்புத்தகம் ஆயிற்று. 'ரூ' என்றால் வீதி. ஊரில் எல்லாரும் "துமாஸ் வீதி" என்கிறார்கள். பிரெஞ்சில் கடைசி 'ஸ்' வாயில் வராதாம், 'துமா' என்று நிறுத்திவிட வேண்டுமாம். எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று! "இப்படி இருந்தா டிக்டேஷன்ல எப்படிம்மா மார்க் வாங்கறது?" என்று என் மகள் இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு ரொட்டிக் கடைக்குள் தைரியமாக நுழைந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியத்தைச் சொன்னேன். "போன்ஜூர்... யூன் பாகெத், சில் வூ ப்ளே." அதாவது, வணக்கம், ஒரு நீள ரொட்டி கொடுங்கள். கல்லாவில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணு போதுமாக்கா? பையில போட்டுத் தரவா?" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெளியே வந்து, சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரிடம் பிரெஞ்சில் வழி கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர், "நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்கம்மா" என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்!

ஆயி மண்டபம், பாரதி பூங்கா, ஜோன் ஆஃப் ஆர்க் சிலை, எதிரே இருக்கும் கப்ஸ் கோயில் எல்லாம் சுற்றிப் பார்த்தோம். ஊர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிரெஞ்சு எங்கே? பலகையிலும் பெயரிலும்தான் இருந்ததே தவிர, எனக்குப் பதில் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. நம் ஊர் மக்கள் நல்லவர்கள். நாம் திணறுவதைப் பார்த்தவுடனே தமிழுக்கு மாறி உதவிவிடுகிறார்கள். அந்த உதவிதான் எனக்கு உபத்திரவமாகப் போயிற்று.

சாயங்காலம் சோர்ந்து போய்த் திரும்பியதும் சித்தி சொன்னாள்: "அடி பைத்தியமே, பக்கத்து வீட்டுல மதாம் பாட்டி இருக்கும்போது நீ ஏன் ஊரைச் சுத்தறே?"

மதாம் பாட்டிக்கு எழுபத்தேழு வயசு. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த ஊரில் இவர்களை 'சொல்தா' வீடு என்கிறார்கள். சொல்தா என்றால் சிப்பாய். 1954 நவம்பர் 1-ம் தேதி பாண்டிச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுசாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று வாய்ப்புக் கொடுத்தார்களாம். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பத்தில்தான் பாட்டி வாழ்க்கைப்பட்டிருக்கிறார். புருஷன் காலமாகி வெகு நாளாயிற்று. பென்ஷன் வருகிறது. பிள்ளைகள் எல்லாம் பிரான்சில்.

நான் போய் நின்று, "பாட்டி, எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு..." என்று ஆரம்பித்தேன். பாட்டி வாயில் விரலை வைத்து, நாற்காலியைக் காட்டி, பிரெஞ்சில் என்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, "வீ... வீ..." என்றேன். 'வீ' என்றால் 'ஆமாம்'. எனக்குச் சரளமாக வந்த ஒரே வார்த்தை அதுதான்.

பாட்டி முகம் மாறிவிட்டது. தமிழுக்கு வந்தார்.

"நான் என்ன கேட்டேன்னு தெரியுமா?"

"தெரியாது பாட்டி."

"உன் புள்ளையை என்கிட்டயே விட்டுட்டுப் போறியான்னு கேட்டேன். ஆமாங்கறே!"

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பாட்டி சிரிக்கவில்லை.

"முதல்ல அந்த வார்த்தையை மறந்துடு. நாளைக்குக் காலையில கோலம் போட்டுட்டு வா" என்றார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் இரண்டு மணி நேரம் பாட்டி வீட்டுத் திண்ணைதான் எங்கள் வகுப்பு. இலக்கணம் கிலக்கணம் எதுவும் இல்லை. முதலில் வாய்க்குப் பயிற்சி. உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு, குவித்தது குவித்தபடி 'ஈ' சொல்ல வேண்டும். அதுதான் 'துமா'வில் வரும் 'து'. 'ஷ' சொல்லிக்கொண்டே தொண்டையை அதிர வைத்தால், 'போன்ஜூர்' என்பதில் வரும் அந்த 'ஜூ'வின் ஓசை வந்துவிடும். 'ர' நாக்கில் வராது. உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி தொண்டையில் வரும். நாங்கள் மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து கொப்பளிப்பதைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்!

எண்கள் இன்னும் வேடிக்கை. அறுபது வரைக்கும் ஒழுங்காகப் போகிறது. எழுபதுக்கு 'அறுபது பத்து'. எண்பதுக்கு 'நாலு இருபது'. தொண்ணூற்றேழு என்றால் 'நாலு இருபது பத்து ஏழு'! போன் நம்பரையும் இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்துத்தான் சொல்வார்களாம். "இது பிரெஞ்சு இல்ல பாட்டி, கணக்குப் பாடம்" என்றாள் மகள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குச் சுலபம். 'நீ', 'நீங்க' இரண்டும் அங்கேயும் உண்டு. இங்கிலீஷ் மாதிரி எல்லாருக்கும் ஒரே 'யூ' கிடையாது. பெரியவர்களையும் தெரியாதவர்களையும் 'வூ' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். நெருக்கமானவர்களை 'த்யூ' என்று சொல்ல வேண்டும். அது என் வாயில் 'தூ' என்றுதான் வந்தது.

"புருஷனை எப்படிச் சொல்லணும் பாட்டி?"

"தூ-தான்."

"ஐயையோ! அவரைப் போயி 'தூ'ன்னு சொல்றதா?"

பாட்டி அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "நானும் ஆறு மாசம் எங்க வீட்டுக்காரரை 'வூ'ன்னுதான் சொல்லிட்டிருந்தேன். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரிங்க எங்களுக்குள்ள ஏதோ சண்டைன்னு நெனைச்சுட்டாங்க!"

எனக்குத் தைரியம் வருவதற்காகப் பாட்டி இன்னொன்றும் சொன்னார். நம் கட்டுமரம் பிரெஞ்சில் 'கத்தமரான்'. நம் கறி அங்கே 'காரி'. நம் மாங்காய்தான் போர்த்துகீசியர் வாய் வழியாகப் போய் 'மாங்க்' ஆனதாம். "பாரு, நம்ம வார்த்தைங்க எல்லாம் உனக்கு முன்னாடியே போய் அங்க குடித்தனம் பண்ணுது. உனக்கு என்ன பயம்?" என்றார்.

நாலாம் நாள் பாட்டி ஒரு நோட்டில் வாக்கியங்களை எழுதச் சொன்னார். கடையில் பேசுவது, பஸ்ஸில் பேசுவது என்று எதிர்பார்த்தேன். பாட்டி எழுதச் சொன்னதோ முழுக்க வலி.

"ஜெ மால் ஆ லா தெத்." எனக்குத் தலை வலிக்கிறது.

"ஜெ மால் ஓ வாந்த்ர்." எனக்கு வயிறு வலிக்கிறது.

"ஜெ மால் இசி." எனக்கு இங்கே வலிக்கிறது.

"எல் ஆ த லா ஃபியேவ்ர்." அவளுக்குக் காய்ச்சல். பெண் குழந்தைக்குச் சொல்வது.

"தெப்புயீ கான்?" எப்போதிலிருந்து? இது டாக்டர் கேட்பது.

"தெப்புயீ யேர்." நேற்றிலிருந்து.

"தெப்புயீ த்ருவா ஜூர்." மூன்று நாளாக.

"என்ன பாட்டி, காலங்கார்த்தால ஒரே சீக்கு பாஷையா இருக்கே?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

பாட்டி கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். அவள் போனதும் சொன்னார்.

1971-ல் பாட்டி பிரான்சுக்குப் போனபோது வயசு இருபத்திரண்டு. தெற்கே ஃப்ரேஜூஸ் என்கிற ஊர். பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் ஊர். போன மறு வருஷம் குளிர்காலத்தில் பாட்டி ஐந்து மாசக் கர்ப்பம். புருஷன் முகாமுக்கு வெளியூர் போயிருந்தார். அடிவயிற்றில் வலி. சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்திருக்கிறார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அந்த டாக்டர் நல்ல மனுஷன்மா. பக்கத்துல உட்கார்ந்து பொறுமையா ஒவ்வொண்ணாக் கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியலே. புரியலேன்னு சொல்ல வெட்கம். வெள்ளைக்கார டாக்டர், நாம படிக்காதவன்னு நெனைச்சுக்குவாரேன்னு... எல்லாத்துக்கும் 'வீ, வீ'ன்னு தலையாட்டினேன். இன்னிக்குத்தான் வலி வந்துச்சான்னு கேட்டிருப்பாரு போல. வீ. ரத்தம் எதுவும் படலையேன்னு கேட்டிருப்பாரு போல. வீ. மாத்திரை எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி எல்லாம் முடிஞ்சு போச்சு."

நான் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரியாச் சொல்லியிருந்தா தங்கியிருக்குமான்னு எனக்குத் தெரியாது. எழுதலேன்னா எழுதலே. பின்னால மூணு புள்ளைங்க பொறந்து நல்லாத்தான் இருக்காங்க. ஆனா ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த 'வீ' மட்டும் இன்னும் காதுல கேட்குது. வலி எனக்கு, வயித்துல இருந்தது என் புள்ள. நான் ஏன் 'புரியலே'ன்னு ஒரு வார்த்தை சொல்லலே?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் நானும் அதே காரியத்தைப் பண்ணியிருக்கிறேன், அதுவும் நம்ம ஊரிலேயே. இரண்டு வருஷத்துக்கு முன் என் மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் இங்கிலீஷில் கடகடவென்று பேசினார். மற்ற அம்மாமார்கள் எல்லாம் புரிந்த மாதிரி நின்றார்கள். எனக்கு மட்டும் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? "எஸ் மிஸ், எஸ் மிஸ்" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் குழந்தை தலை வலிக்கிறது என்று அடிக்கடி சொல்வாள். டி.வி. பார்ப்பதால்தான் என்று நான் திட்டுவேன். மூன்று மாசம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கு டீச்சர், "இவளுக்குப் போர்டு சரியாகத் தெரியவில்லை, கண் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். நானும் சரி சரி என்றிருக்கிறேன்! கண்ணாடி போட்ட அன்றைக்கு என் மகள், "அம்மா, வேப்பமரத்துல தனித்தனியா இலை தெரியுதும்மா" என்றாள். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. பாட்டியிடம்தான் சொல்லி அழுதேன்.

பாட்டி என்னைத் தேற்றவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளி, "கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுது. இதுதான் முதல் பாடம். நான்தான் தப்பா நாலாவதா வச்சுட்டேன்" என்றார். எழுதினேன்.

"ஜ ந கோம்ப்ரான் பா." எனக்குப் புரியவில்லை.

"ப்ளு லாந்த்மான், சில் வூ ப்ளே." கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

"வூ பூவே ரெப்பெத்தே?" திரும்பச் சொல்ல முடியுமா?

"வூ பூவே லெக்ரீர்?" அதை எழுதிக் காட்ட முடியுமா?

இந்த நாலையும் கோலம் போடும்போது, துணி துவைக்கும்போது, மீன் ஆயும்போது என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அங்கே ஆம்புலன்ஸ் டாக்டருக்கு 15, போலீசுக்கு 17, தீயணைப்புக்கு 18, எல்லா அவசரத்துக்கும் பொதுவாக 112 என்று நம்பர்களையும் மனப்பாடம் செய்யச் சொன்னார் பாட்டி. என் மகளுக்கு இப்போது அது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பாட்டி எங்களைக் கடற்கரை வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகள் ஓடாது. காலாற நடக்கலாம். குளிர்காலத்தில் பிரான்சிலிருந்து நிறையப் பேர் அந்த ஊருக்கு வருகிறார்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் வயசான வெள்ளைக்காரத் தம்பதி உட்கார்ந்து பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போயி மணி கேளு" என்றார் பாட்டி.

கால் பின்னிக்கொண்டது. என் மகள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். போய் நின்று, "பார்தோன், மதாம்... கெல் எர் எத்தில்?" என்றேன். மன்னிக்கவும், மணி என்ன? அந்த அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாகி, கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து மளமளவென்று ஏதோ சொன்னார். அதில் ஒரு எழுத்து கூடப் புரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "வீ... மெர்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்!

நாலு அடி வைத்த பிறகுதான் உறைத்தது. எதிரே பாட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மணி தெரியாமல் போனால் உயிரா போய்விடும்? ஆனாலும் என்னால் அந்த ஐந்தாவது அடியை வைக்க முடியவில்லை. திரும்பிப் போனேன்.

"பார்தோன், மதாம். ஜ ந கோம்ப்ரான் பா. ப்ளு லாந்த்மான், சில் வூ ப்ளே."

அந்த அம்மாள் என்னைக் கேவலமாகப் பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை. கடிகாரத்தை என் பக்கம் காட்டி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "சிஸ் எர்... மூவேன்... வேன்." ஆறு மணிக்கு இருபது குறைவு! அதாவது ஐந்து நாற்பது. பிரெஞ்சில் அப்படியும் சொல்வார்களாம். எனக்குப் புரிந்துவிட்டது சகோதரிகளே! என் வாழ்க்கையில் மணி தெரிந்துகொண்டதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். பிறகு அந்த அம்மாள் என் மகளின் பெயரைக் கேட்டார், வயசைக் கேட்டார். நடுவில் இரண்டு தடவை நான் 'ப்ளு லாந்த்மான்' சொன்னேன். இரண்டு தடவையும் மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவே இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விசாவுக்காகக் காகிதங்கள் தயார் செய்ய, எங்கள் ஊரில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் போனேன். அவர் நாலைந்து தாளை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கையெழுத்துப் போடும்மா" என்று அவசரப்படுத்தினார். பின்னால் வரிசையில் ஆட்கள். பழைய நானாக இருந்தால் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் புரியலீங்க. ஒவ்வொண்ணா மெதுவாச் சொல்லுங்க" என்றேன். தமிழில்தான்! அவர் சலித்துக்கொண்டார். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு" என்றார். "இருக்கட்டுங்க, படிச்சுக் காட்டுங்க" என்று நின்றேன். இரண்டாவது தாளைப் படிக்கும்போது அவரே நிறுத்திவிட்டார். என் மகளின் பிறந்த தேதியில் நாளும் மாசமும் மாறியிருந்தன. ஜூலை மூன்று, மார்ச் ஏழு ஆகியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் படிவத்தில் ஒன்றுமாக இருந்தால் எவ்வளவு அலைச்சல் வந்திருக்கும்! அவர் ஒன்றும் பேசாமல் வேறு தாள் எடுத்தார்.

அன்றைக்கு ராத்திரி கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு மெதுவாக, "வந்த புதுசுல நானும் அப்படித்தான். எல்லாத்துக்கும் வீ, வீ. ஒரு மாசச் சம்பளத்தையே விட்டிருக்கேன்" என்றார். மூன்று வருஷமாக என்னிடம் சொல்லாத கதை. "அங்க வந்ததும் நாம ரெண்டு பேருமே சேர்ந்து ஒழுங்காப் படிப்போம்" என்றேன். படித்துத்தான் ஆக வேண்டும். அங்கே போனதும் அரசாங்க அலுவலகத்தில் எவ்வளவு மொழி தெரியும் என்று பார்ப்பார்கள். 2024-ல் கொண்டு வந்த சட்டப்படி, 2026 ஜனவரியிலிருந்து பல வருஷத்துக்கான குடியிருப்பு அனுமதிக்கு மொழித் தேர்வில் தேற வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்போடு பரீட்சை முடிந்தது என்று நினைத்திருந்தேன்!

வெளிநாடு போகப்போகும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். எந்த நாடாக இருந்தாலும் சரி, அந்த மொழியில் 'வணக்கம், நன்றி' கற்பதற்கு முன்னால் 'எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள், இங்கே வலிக்கிறது' என்ற மூன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். உங்களிடம் பேசும்போது தமிழுக்கு மாறாத ஒரு ஆளைத் தேடிப் பிடியுங்கள். தப்பாகப் பேசுவதில் வெட்கமில்லை.

வெளிநாடு போகாதவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். பேங்கில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் 'சரி சார், எஸ் மேடம்' என்று தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

பாட்டிக்கு நேற்று போன் செய்தேன். எடுத்ததும் பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டார். "ஜ ந கோம்ப்ரான் பா" என்றேன். "அப்படிச் சொல்லு!" என்றார் தமிழில்.

- ஒரு வாசகி, சிதம்பரம்.